பன்றிக்கு அளவெடுத்தது யார்

சம்பந்தியம்மா,

இன்று காலை பேத்தி வாசலில் நின்று ஒரு நூலைத் தீக்குச்சியில் காட்டி முகர்ந்து பார்த்தாள். பருத்தி என்றால் காகிதம் கருகுகிற வாசம் வரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் சுருண்டு முத்தாகக் கட்டிக்கொள்ளும். "சுத்தக் காட்டன்தானுங்க அப்பாயி" என்றாள். துணி பார்ப்பதில் அவளை மிஞ்ச இந்தத் தெருவில் ஆளில்லை. அதை நான் சொல்லாமல் யார் சொல்வது? ஆனால் அந்த வாசம் போகமாட்டேன் என்கிறது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். உட்கார்ந்தால் நீங்கள் வந்துவிடுகிறீர்கள்.

ராஜஸ்தானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த அந்தக் கோடை. கணியூர்ப் பள்ளிக்கூடத்து சயின்ஸ் டீச்சர் நீங்கள், லீவுக்கு மகள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். தெருவெல்லாம் மிட்டாய். என் மகனுக்கு, அதாவது உங்கள் மாப்பிள்ளைக்கு, பிரிண்டிங் டேபிள் போட்டபின் வந்த முதல் பெரிய ஆர்டர் அது: வெள்ளை பனியன், நெஞ்சில் கறுப்பாகக் குடை விரித்த குண்டுப் புகை. ஊர்வலத்தில் கொடுப்பதற்காம். குழந்தைகள் சைஸும் உண்டு. சாம்பிளைப் பெருமையாக உங்கள் மடியில் போட்டவள் நான்தான்.

நீங்கள் அதைத் தடவிப் பார்த்தீர்கள். பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனீர்கள். வெள்ளையில் வெயிலைக் குவித்தபோது ஒன்றும் ஆகவில்லை. கறுப்புக்கு நகர்த்தியதும் புகைந்து ஓட்டை விழுந்தது. சாம்பிள் வீணாயிற்றே என்று எனக்கு ஆத்திரம். குண்டு வெடித்ததும் முதலில் வருவது வெளிச்சமும் சூடும்தான், வெள்ளை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு குடித்துக்கொள்ளும் என்றீர்கள். ஜப்பானில் உடுத்தியிருந்த துணியின் பூக்கள் அப்படியே பெண்களின் தோலில் வெந்திருந்ததாம்.

"நம்முளுது பூமிக்குள்ளதானுங்களே வெடிச்சுது. ஆரு வெந்தா?" என்றேன்.

மண்ணுக்கு மேலே வெடித்தால் என்ன ஆகும் என்று வேறு நாட்டில் ஏற்கெனவே அளந்து வைத்தாயிற்று என்றீர்கள். எவ்வளவு தூரத்தில் எந்த நிறத் துணி கருகும் என்று பார்க்கத் துணிகளை வெட்டி வரிசையாகக் கட்டிவைத்தார்களாம். அது போதாதென்று, பன்றித் தோல் மனிதத் தோல் மாதிரி என்பதால், பன்றிகளுக்கும் சட்டை தைத்துப் போட்டு நிறுத்தினார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங் சம்மந்தி, பன்னிக்கு ஆருங்க அளவெடுத்தது?"

நீங்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். பிறகு இருவருக்கும் சட்டென்று நின்றுபோயிற்று. யாரோ ஒருவர் டேப் பிடித்திருக்கிறார். நெஞ்சு, கழுத்து, கால். யாரோ உட்கார்ந்து தையல் ஓட்டியிருக்கிறார். யார் போட்டுக்கொள்ள என்று கேட்டிருப்பாரோ என்னவோ. இங்கே நம்மில் யார் கேட்கிறோம்?

"மாப்பிள்ளைகிட்ட நானு பேசறது மொறையில்லீங்க. இத அடிக்க வேண்டாமுன்னு நீங்க சொல்லுங்க" என்றீர்கள்.

நான் ஐந்தாவது படித்தவள். சூட்டுக் கணக்கெல்லாம் என் வாயில் வராது. ஓட்டை விழுந்த சாம்பிளை அவன் முன்னால் போட்டு, குழந்தை சைஸ் அடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

"ஊரே முட்டாயி தின்னுட்டு இருக்குது. ஒனக்கு மட்டும் என்னம்மா கசக்குது?" என்றான். ஆர்டரே கைவிட்டுப் போகும் என்று கத்தினான். நான் டேபிளை விட்டு நகரவில்லை. கடைசியில் சின்ன சைஸை விட்டுக்கொடுத்து, பெரிய சைஸை மட்டும் அடித்தான். பக்கத்து யூனிட் அதை வாங்கி அடித்துவிட்டது. ஊர்வலத்தன்று தெருக் குழந்தைகள் அந்தப் புகையை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தனக்கு மட்டும் இல்லை என்று நம் பேத்தி அழுதாள்.

நீங்கள் ஊருக்கு பஸ் ஏறியபோது, என் மகனைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்வீர்கள் என்று நின்றேன். ஜன்னல் வழியாகக் கேட்டீர்கள்: "பெரியவங்க ஒடம்பு வேகாதுங்களா, சம்மந்தி?"

பஸ் கிளம்பிவிட்டது.

எவரிடமும் பதிலுக்குத் தடுமாறாதவள் நான், உங்களுக்கே தெரியும். அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்று எத்தனையோ பதில் தேடினேன். பிழைப்பு என்று ஒன்று. முடிந்தவரை தடுத்தேனே என்று ஒன்று. எதுவும் மறுநாளைக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இப்போதும் யாராவது கறுப்பு அச்சுப் போட்ட பனியனோடு வெயிலில் போனால் என் கண் நேரே அந்த நெஞ்சுக்குத்தான் போகிறது. குழந்தையா பெரியவரா என்று பார்ப்பதில்லை.