நாலு மணி வகுப்பு

சாரம், புதுச்சேரி
3.5.2006

அன்பு மகள் சிந்தியாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகனும் பெங்களூரில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும்.

நீ எழுதிக் கொடுத்த அட்டவணைப்படி ரெஜினாவை ஒன்றுவிடாமல் கூட்டிப்போகிறேன். காலையில் இந்தி. அது முடிந்ததும் டெம்போ பிடித்து லாஸ்பேட்டையில் அபாகஸ். மத்தியானம் கையெழுத்து. ஆறு மணிக்கு பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்த கையோடு இந்திதான். நாளைக்குக் கத்திரி வேறு ஆரம்பம். அபாகஸ் மாடியில் நடக்கிறது. ஏறி இறங்கினால் முட்டி விட்டுப்போகிறது. ஆனாலும் எட்டு வயசில் அவள் கணக்குப் போடுகிற வேகத்தைப் பார்த்து, என் பேத்தி என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நாலு மணி வகுப்பு மட்டும் எங்கே நடக்கிறது என்று நீ எழுதவில்லை. கன்னியர் பள்ளியில் அஞ்சாவது படித்தவள் நான், நீ இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். ஃப்ரீ பிளே. காசு வாங்காத பிளே ஸ்கூல் என்று புரிந்தது. நாலு நாளாக அந்த நேரத்தில் அவளை இழுத்துக்கொண்டு தேடுகிறேன். லாஸ்பேட்டையில் ஒரு டீச்சர், "இது மூணு வயசுப் பிள்ளைங்களுக்கும்மா. ஃப்ரீயும் கெடையாது" என்று சிரித்தாள். உன் மகளோ, அது விளையாடுவதற்கு விட்ட நேரம் என்கிறாள். வகுப்புக்கு டிமிக்கி கொடுக்க என்ன பொய் சொல்கிறாள் பார். விலாசம் எழுது.

அன்புடன்,
அம்மா ஆனந்தமேரி

பெங்களூர்
9.5.2006

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ஆபீசில் படித்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி படித்தபோது சிரிப்பு வரவில்லை. ரெஜினா பொய் சொல்லவில்லை அம்மா. அந்த ஒரு மணி நேரம் அவள் இஷ்டத்துக்கு விளையாடத்தான். அதையும் கட்டம் போட்டு எழுதியது என் தப்பு.

மற்ற வகுப்புகளை விட்டுவிடாதே. பள்ளி திறந்ததும் லீவில் என்ன கற்றுக்கொண்டாய் என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்கிறார்கள். போன வருஷம் இவள் ஒருத்திதான் பதில் இல்லாமல் நின்றாள். எனக்கும் லீவு கிடைக்கவில்லை, பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இல்லை.

உனக்கு முடியவில்லை என்றால் மறைக்காதே. இங்கே எங்கள் தெருவிலேயே சம்மர் கேம்ப் நடக்கிறது. வந்து கூட்டிவந்துவிடுகிறேன். அடுத்த வருஷமும் அதிலேயே சேர்த்துவிட்டால் உனக்கு அலைச்சல் மிச்சம்.

சிந்தியா

சாரம்
18.5.2006

அன்பு சிந்தியா,

உன் கடிதம் வந்த பிறகு நாலு மணிக்கு அவளை விளையாட விட்டேன். அவள் விளையாடவில்லை. பாயில் சுருண்டு தூங்கிவிட்டாள். பிரெஞ்சுக்கு நேரமாயிற்று என்று எழுப்பினேன். தினமும் இப்படித்தான். எனக்கு முடியவில்லை என்று எழுதினால் நீ வந்து கூட்டிப்போய்விடுவாய் என்று வாயைத் திறக்கவில்லை. வருஷத்தில் இந்த ஒரு மாசம்தானே அவள் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருந்து இந்திக்குப் போகும்போது டெம்போவில் என்மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"ஆயா, அடுத்த லீவுக்கு நான் வரலேன்னா கோச்சுக்குவியா?"

"ஏண்டி?"

"பெங்களூருல ஞாயித்துக்கிழமையாச்சும் ஸ்கூல் இல்லே."

அழவும் இல்லை, அடம் பிடிக்கவும் இல்லை. மில்லில் ரெண்டு ஷிப்டு பார்த்துவிட்டு வந்து உன் அப்பா பேசுவாரே, அந்தக் குரல்.

திங்கட்கிழமையிலிருந்து எந்த வகுப்புக்கும் நான் கூட்டிப்போகவில்லை. முட்டி இன்னும் தாங்கும், அதனால் இல்லை. வேண்டாம் என்று நிறுத்தினேன். டீச்சர்களிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். பள்ளியில் கேட்டால், ஆயா விடவில்லை என்று சொல்லட்டும்.

நீ கோபப்படுவாய். வந்து கூட்டிப்போனாலும் சரி, அடுத்த வருஷம் அனுப்பாவிட்டாலும் சரி, நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. காலை மணி பதினொன்று ஆகிறது, பிள்ளை இன்னும் தூங்குகிறாள். நீ வந்தால் அவள் பக்கத்தில் படு. உன்னையும் எழுப்ப மாட்டேன்.

அம்மா