கூப்பிட்டால் திரும்ப வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்

லாண்டரியில் இன்று விரிப்புகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஹோட்டலில் ஏதோ பெரிய கூட்டமாம். எனக்கு எதிர் முனை பிடித்து மடிப்பவளுக்கு இடுப்பு வலி, ஆனால் வாய் மட்டும் வலிக்கவே இல்லை. உன் வீட்டுக்காரர் போய் இத்தனை மாசமாச்சு, அந்தக் கம்ப்யூட்டரை இன்னும் அணைக்கலையா என்று கேட்டாள். அணைக்கவில்லை. அது உறுமாத வீடு எனக்குப் பழக்கமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கொழுந்தன் வந்திருந்தார். அண்ணன் வாங்கிப் போட்ட டொமைன் பெயர்களுக்கெல்லாம் வருஷக் கட்டணம் கட்டும் நேரம் வருகிறது, எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்றார். "அண்ணன் காத்துல வீடு கட்டினாரு அண்ணி. அதுக்குப் போய் நீங்க வாடகை கட்டாதீங்க."

காற்றுதான். ஆனால் அந்தக் காற்றில்தான் மகள் காலேஜ் வரை வந்திருக்கிறாள்.

அந்தத் தொழிலை எனக்குப் புரியவைக்க அவர் என்ன பாடு பட்டார்! கடை திறக்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விலாசப் பெயர் வேண்டும். ஒருத்தர் எடுத்ததை இன்னொருத்தர் எடுக்க முடியாது. நல்ல பெயராக முன்னாலேயே பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டும் என்று வருகிறவருக்கு விற்பார். வருஷா வருஷம் கட்டாவிட்டால் பெயர் கையை விட்டுப் போகும். இவ்வளவுதான். ஒரு நாள், "உன் பேர்ல ஒண்ணு வாங்கியிருக்கேன்" என்றார். நான் மனை என்று நினைத்து லாண்டரி முழுக்கச் சொல்லிவிட்டேன். கொழுந்தன் இன்றும் விடவில்லை. போகும்போது, உங்க நிலத்துல என்ன விளைச்சல் அண்ணி என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

மார்ச் 12, புதன்

மகளும் நானும் உட்கார்ந்தோம். எனக்கு இங்கிலீஷை எழுத்து எழுத்தாகத்தான் கூட்டத் தெரியும். அவள் படித்தாள், நான் முடிவு செய்தேன். நீளமான பெயரையெல்லாம் வை என்றேன். துணி மாதிரிதானே, மீட்டர் கூடினால் விலை கூடும். 'மலிவான குளியலறைக் குழாய் உடனே வீட்டுக்கு' என்று ஒரே மூச்சில் ஒரு பெயர். எவ்வளவு தெளிவு! கட்டு என்றேன். அர்த்தமே இல்லாத சின்னதுகளை விடச் சொன்னேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள். கட்டுகிற காசு என் சம்பளம், பேசாமல் இரு என்றேன்.

பட்டியலில் 'ஜிமிலி' வந்தபோது மட்டும் அவள் என்னைக் கேட்கவில்லை. கட்டிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

மார்ச் 20, வியாழன்

மத்தியானம் ஒரு தரகர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகுகிறது. 'தேன்குரல்' என்றே எழுதி வைக்கிறேன். யாரோ ஒரு கம்பெனிக்கு ஜிமிலி வேண்டுமாம்.

அது விற்பனைக்கு இல்லை, குளியலறைக் குழாய் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். "இதை யாரும்மா வாயால சொல்லுவாங்க? சொல்லி முடிக்கிறதுக்குள்ள பஸ் வந்துடும். நாளைக்கே குழாயோட வாளியும் வித்தா அந்தப் பேர் என்ன ஆகும்?"

கோபம் வந்தது. ஆனால் நியாயம். சாயங்காலம் மகளிடம் சொன்னேன். அதெல்லாம் அப்பா தொழில் கற்றுக்கொள்ளும்போது ஏமாந்து வாங்கினதும்மா, அன்றைக்கே சொல்ல வந்தேன் என்றாள். விட்டதில் கெடு தாண்டாதவற்றை இரண்டு பேருமாக மீட்டோம். மூன்று போயே போய்விட்டது. போகட்டும், எனக்குப் படிப்புச் செலவு.

மார்ச் 21, வெள்ளி

விரிப்பு மடித்துக்கொண்டே யோசித்தேன். இது எனக்கு எப்படி மறந்தது?

புதுப் பெயர் ஏதாவது தோன்றினால் அவர் கீழே இறங்கித் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நிற்பார். நான் மாடியில் அடுப்பு வேலையில் இருப்பேன். அங்கிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நான் "என்னது?" என்று கேட்டால் அந்தப் பெயர் போச்சு. "என்ன?" என்று கேட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தால் வாங்கிவிடுவார். வாய்க்குத் தடுக்கக் கூடாது, காதில் நிற்க வேண்டும், கேட்டபடியே எழுத வர வேண்டும், செருப்புக்கும் பொருந்த வேண்டும் சோப்புக்கும் பொருந்த வேண்டும் என்பார். எல்லாவற்றுக்கும் மேல், கூப்பிட்டால் ஆள் திரும்ப வேண்டும்.

எதிர்க்கடைத் தையல்காரர் ஒரு நாள் என்னை நிறுத்தி, "தினம் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடறாரே, உள்ள எத்தனை பேரும்மா இருக்கீங்க?" என்றார்.

ஜிமிலி அப்படித் தேடிப் பிடித்த பெயர் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று என் ஜிமிக்கி ஆடினதை மட்டும்தான் பார்த்தேன் என்பார். கல்யாணமான வாரத்தில் வாயில் வந்தது. அவரைத் தவிர யாரும் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 2, புதன்

தேன்குரல் மறுபடியும். விலையை ஏற்றிச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஏன் என்றார். என் பெயர் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று போனை வைத்தார்.

கொழுந்தனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நிலம் விளைஞ்சிருச்சு போல?" இப்போது அவருக்கும் காற்றில் நம்பிக்கை வந்துவிட்டது.

ஏப்ரல் 6, ஞாயிறு

மகளோடு சண்டை. சண்டைகூட இல்லை. விற்றுவிடலாம் என்றாள். உங்கப்பா எனக்கு வைத்த பேரை எவனுக்கோ எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"அது உன் பேர்தாம்மா. ஆனா இப்ப உன்னை யாரும் அப்படிக் கூப்பிடறதில்லையே."

இதை எங்கிருந்து கத்துக்கிட்டா இவ? ஆமாடி, யாரும் கூப்பிடலை. கூப்பிடுறவர்தான் போய்ட்டாரே. பூட்டி வச்சா மட்டும் வந்து கூப்பிடுவாரா — எனக்குத் தெரியாதா அது?

ஏப்ரல் 7, திங்கள்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

தேன்குரலுக்கு நானே போன் செய்தேன். வாங்குகிறவர் யாரோ அவர் நேரில் வர வேண்டும் என்றேன். விலையும் சொன்னேன். அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்கு. அம்மா, இது வெறும் பேர்தானே என்றார். பேர் நிறைய இருக்கிறது, நாய் திரும்புகிற பேராகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், மனுஷி திரும்புகிற பேருக்கு இதுதான் விலை என்றேன். குரல் நடுங்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தாள். பெயர் வாங்குகிறவள். என்னைவிட வயது கொஞ்சம் கம்மி. குழந்தைகளுக்குச் செருப்பு செய்கிற சின்ன கம்பெனி, சொந்தமாக ஆரம்பித்தது. பையிலிருந்து ஒரு ஜோடி எடுத்து மேசையில் வைத்தாள். கட்டை விரல் நீளம்தான், மஞ்சள் நிறம், வாரில் ஒரு மணி. கையில் எடுத்ததும் ஆடியது.

ஏன் இந்தப் பெயர்தான் வேண்டும் என்று கேட்டேன். நிறையத் தேடினாளாம். நல்லதெல்லாம் யாரிடமோ இருந்தது, மீதியெல்லாம் பல்லில் மாட்டிக்கொண்டது. இதை வீட்டில் சொன்னதும் அவள் குழந்தை திருப்பிச் சொன்னதாம். பேச்சு இன்னும் சரியாக வராத குழந்தை.

கீழே இறங்கி எதிர்ப்பக்கம் நின்று கூப்பிடச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். ஆனால் போனாள். தையல் கடை வாசலில் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூச்சமே இல்லாமல் கூப்பிட்டாள். தெருவே கேட்டது. மாடியில் எனக்கு நன்றாகக் கேட்டது. நான் ஜன்னலுக்கு வந்தேன். "என்ன" மட்டும் வரவில்லை.

மேலே வந்து, சரியாக் கூப்பிட்டேனா அக்கா என்றாள்.

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெயர் அவள் பக்கம் மாறியது. மகள் ஒரு பொத்தானைக் காட்டினாள், நான் அழுத்தினேன். அவளுடைய காலேஜ் கவலை முடிந்தது. குளியலறைக் குழாயை நானே நீக்கச் சொன்னேன்.

மே 18, ஞாயிறு

ஒரு புதுப் பெயர் வாங்கினேன். என் யோசனை. மகள் தெருவில் நின்று கூப்பிட்டாள். முதல் இரண்டுக்கு "என்னது?" என்றேன். மூன்றாவதுக்கு ஜன்னலுக்குப் போயிருந்தேன். தையல்காரர் கத்தரிக்கோலோடு வெளியே வந்து, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா என்று கேட்டார். ஆரம்பித்தாயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அந்தப் புதுப் பெயரைப் பாதி விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. திரும்ப வருவார்கள்.

நவம்பர் 8, சனி

வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல கூட்டம். நாளைக்கு மீன் வாங்குவதா வேண்டாமா என்று ஏதோ யோசனை. பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், உரக்க, "ஜிமிலி!"

"என்ன?" என்று திரும்பிவிட்டேன்.

ஒரு சின்னப் பெண் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு துரத்தி வந்தார். மஞ்சள். மணி ஆடியது. என்னைப் பார்த்ததும் நின்று, "உங்களை இல்லைங்க, செருப்பைச் சொன்னேன்" என்றார்.

தெரியும்ப்பா என்றேன்.

பஸ் வந்தது. ஏறத் தோன்றவில்லை. அடுத்ததில் வந்தேன்.