தேவராஜுக்கு ஒரு பெட்ரோல் வண்டி

ஜூலை 4, வெள்ளி

ஆவடியில் காலையிலிருந்தே புழுக்கம். மாடல் லாரிக்கு டேங்க் வேலை. பிவிசி குழாயைக் கொதிநீரில் போட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் அழுத்தினேன். முட்டை வடிவம் வந்துவிட்டது. இரண்டு விரல் வெந்தது.

வாங்க: டயருக்கு ரப்பர் வளையம் 6, ராணுவப் பச்சை பெயிண்ட், செம்புக் கம்பி.

அடுத்த வெள்ளியோடு தேவராஜ் போய் மூன்று வருடம். பட்டாளத்தில் நானும் அவனும் ஓட்டிய பெட்ரோல் டேங்கர் வண்டி, பொம்மை அளவிலாவது, அவன் படத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், அவன் மனைவி கலாவுக்கு. "நீதாண்ணா கூட இருந்தே, உனக்குத்தான் அச்சு அசலா தெரியும்." சரி என்றுவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

கேபின் கதவு கோணல். பிய்த்து மறுபடி ஒட்டினேன். ரிவெட்டுக்குப் பசையில் பொட்டுப் பொட்டாக. கண் எரிகிறது. மனைவி எட்டிப் பார்த்து, "டூட்டில கூட இவ்ளோ கவனமா இருந்திருக்க மாட்டீங்க" என்றாள். கேலிதான். அடுத்த பொட்டை வைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

மழை. பெயிண்ட் காயவில்லை. ஏணி, வால்வு, ஹோஸ் ஆயிற்று. எர்த் கம்பி பாக்கி. பெட்ரோல் இறக்குமுன் வண்டியிலிருந்து தரைக்கு மாட்டுவது. மாட்டாவிட்டால் ஹோஸ் முனையில் பொறி பறக்கும்.

அன்று அது என் வேலை. ஹோஸோடு நின்ற தேவராஜ், "போட்டாச்சா?" என்றான். "போட்டாச்சு" என்றேன். போடவில்லை. வெயில், சோம்பல். வேறு காரணமே இல்லை. அவன் எரிந்தான். எனக்கு இடது கை மட்டும்.

விசாரணையில் கம்பி அவன் பொறுப்பு என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். கோழைப் பயல் நான்.

ஜூலை 10, வியாழன்

வண்டியை எடுத்துப்போக மாங்காட்டிலிருந்து கலா வந்தாள். டேங்கைத் தடவினாள். கம்பியைத் தொட்டு, "இத்தத்தான் மறந்துட்டாரா? கேஸ் மூடிட்டியான்னு போன்ல நாலு தபா கேக்கற மனுசன். எப்டிணா மறந்தாரு?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். வண்டியை எடுத்துக்கொள்ளாமல் எழுந்தாள்.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அப்பா மேலதான் தப்புன்னு எம் பொண்ணு மூணு வருசமா அந்தப் படத்துக்கு ஒரு பூ வெச்சதில்ல. நாளிக்கு சொந்தக்காரங்க அல்லாரும் ஊட்டுக்கு வருவாங்க. அவங்க முன்னாடி அவகிட்ட சொல்லு."

ஜூலை 11, வெள்ளி

காலை ஐந்து மணி. குளித்தாயிற்று. மனைவியும் வருகிறாளாம், புடவை கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இதுவரை தெரியாது.