கேட்டில் தொங்கும் கோட்டு

மகளே,

நேற்றிரவு பக்கத்துப் பண்ணை வெர்லினோடும் அவன் தம்பியோடும் ரக்கூன் வேட்டைக்குப் போனேன். ஓக் காட்டில் மோப்பம் பிடித்து ஓடிய நம் நாய் ஜூனி, எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. வேட்டை நாய் தொலைந்தால் இங்கே எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். என் வாடை பிடித்துத் திரும்பட்டுமென்று, அவளை அவிழ்த்துவிட்ட இடத்தில் என் கோட்டைப் போட்டுவிட்டு வந்தேன். காலையில் அதன்மேல் சுருண்டு படுத்திருந்தாள்.

உன்னை நான் விரட்டிவிட்ட கேட்டிலும் என் பழைய கோட்டு மூன்று குளிர்காலமாகத் தொங்குகிறது. வெர்லின் இன்று அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"எடுத்துடுடா. அதுல உன் வாடைதானே இருக்கு? அதுக்குப் பயந்துதானே அவ போனா?"

கோட்டு அங்கேயேதான் இருக்கிறது. உன் விலாசம் தெரியாததால் இந்தக் கடிதத்தையும் அதன் பையில்தான் வைக்கப்போகிறேன்.

உன்னைப் போகச் சொன்ன
அப்பா