ஐகோ சொல்ல ஒரு மகன்

நவம்பர் 12, 1994

கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோசு கழுவி உப்பில் போட்டேன். எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்ள, வாய் தானாக 'ஐகோ' என்றது. வாசலில் நின்ற கொழுந்தனார் சிரித்தார்.

"அண்ணி, அது எங்கேருந்து வந்த சொல்லு தெரியுமா? சீன எழுத்து. ஒண்ணு துக்கம், ஒண்ணு கசப்பு."

"அப்போ சீன எழுத்து வர்றதுக்கு முன்னாடி நம்ம கொரியாக்காரங்களுக்கு இடுப்பே வலிக்கலையாக்கும்?"

ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். சீன எழுத்தெல்லாம் படித்தவர் அவர்.

உள்ளே படுத்த படுக்கையாய்க் கிடக்கும் என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி இறங்கவில்லை.

நவம்பர் 15

இன்று அவர் கேட்டார்: "மான்சிக் அழுவானா?"

எங்கள் ஒரே மகன். டேகு நகரத்துக்குப் போய்த் தேவாலயத்தில் சேர்ந்ததிலிருந்து முன்னோர் படையலுக்குக் கும்பிடுவதில்லை. சாவு வீட்டில் பெற்ற பிள்ளை 'ஐகோ, ஐகோ' என்று ஓலமிட வேண்டும். மற்ற உறவுக்காரர்கள் சொல்வது 'ஓயி, ஓயி'. தெருவில் போகிறவன்கூடக் கேட்டதும் சொல்லிவிடுவான், செத்தவருக்குப் பிள்ளை இருக்கிறான் என்று.

"அழுவான். நான் பெத்தவன்" என்றேன்.

அழுவானா?

நவம்பர் 16

டேகுவுக்குப் போன் போட்டு மகனிடம் பேசினேன்.

"அப்பாவுக்காக ஜெபம் பண்றேம்மா."

"பண்ணு. ஐகோவும் சொல்லு."

போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 21

போய்விட்டார்.

நவம்பர் 24

அடக்கம் முடிந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் குனிந்து வணங்கும்போதெல்லாம் மான்சிக் தலை கவிழ்ந்து நின்றான். உதடு மட்டும் அசைந்தது. கொழுந்தனாரின் 'ஓயி' மட்டும் தனியாகக் கேட்டது. அடுக்களையில் ஒருத்தி, "பிள்ளையில்லா வீடு மாதிரில்ல இருக்கு" என்றாள்.

பெண்கள் உட்காரும் திரைக்குப் பின்னாலிருந்து நான் ஓலமிட்டேன். 'ஐ'யை நீட்டி இழுத்து, 'கோ'வைக் கிணற்றில் கல் விழுவதுபோல் கீழே விட வேண்டும். அவன் பங்கையும் சேர்த்து அழுதேன் — தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

"வாயில வரலம்மா. பொய்யா கத்தச் சொல்றீங்களா?" என்றான் பிறகு. அவன் கண் வீங்கியிருந்தது. அந்த வீக்கம் தெருவுக்குக் கேட்குமா?

டிசம்பர் 11

மான்சிக் வந்தான். பேரிக்காய் சீவிக்கொண்டே சொன்னேன்: "நான் போனா ஐகோ கீகோ ஒண்ணும் வேண்டாம்ப்பா. உங்க கோயில் பாட்டே போதும்."

'என்னம்மா இப்படிப் பேசறீங்க' என்பான் என்று நினைத்தேன். கத்தியை நிறுத்திக் காத்திருந்தேன்.

"சரிம்மா" என்றான். உடனே. முகத்தில் அத்தனை நிம்மதி.

ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். இனிப்பாயிருக்கிறதாம்.