டென்மார்க்கில் எத்தனை ஹார்க்வெல்

பிராண்டே,
டென்மார்க்.
2.4.1989

அன்பும் மரியாதையும் உள்ள எபனேசர் அண்ணைக்கு,

உங்கள் தம்பி அல்பேட் தன் கையால் எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லண்டன் குளிருக்கு நல்லெண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

தன் கையால் என்று எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள். இது என்னோடு இருக்கிற மருமகன் பேதுரு எழுதித் தந்த கடிதம் இல்லை. பென்சிலும் என்னுடையது, கையும் என்னுடையது. அதுவும் இடது கை. அப்பா பள்ளிக்கூட வாங்கின் காலோடு கயிறு போட்டுக் கட்டிவைத்த அதே கை. ஹார்க்வெல் உபாத்தியாரின் மகன் சோற்றுக்கையால் எழுதாவிட்டால் எழுதவே வேண்டாம் என்று அவர் சொன்னார். நானும் சரி என்று மன்னாருக்கு ஓடி, கடலுக்குப் போய்விட்டேன். இங்கே மொழிப் பள்ளிக்கூடத்தில் கிர்ஸ்ரன் என்ற டீச்சர் என்னைப் பார்த்தாள், பென்சிலை எடுத்து இடது கையில் வைத்தாள், அடுத்த ஆளிடம் போய்விட்டாள். ஐம்பது வருசப் பிரச்சினை அவ்வளவில் தீர்ந்தது.

கிழமை நாட்களில் கிர்ஸ்ரனிடம் டெனிஸ் எழுத்து. சனிக்கிழமைகளில் செல்வமலரிடம் தமிழ் எழுத்து. செல்வமலர் கொக்குவிலில் டீச்சராக இருந்தவள், இங்கே தொழிற்சாலையில் துப்புரவு வேலை. ல, ள, ழ மூன்றும் இன்னும் என்னோடு சண்டை. ஆனாலும் அண்ணை, சந்தோசத்தைச் சொல்லி முடியாது. மூன்று வருசமாக ஒரே தெருவில் பஸ்சில் போய்வருகிறேன். எது செருப்புக் கடை, எது சவப்பெட்டிக் கடை என்று கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். இப்போது கடைகள் எல்லாம் தங்கள் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு போகின்றன. நான் வாய்க்குள் திருப்பிச் சொல்கிறேன். பக்கத்தில் இருக்கிறவர்கள் கிழவன் செபம் பண்ணுகிறான் என்று நினைக்கிறார்கள்.

இந்த ஊரில் வீட்டில் இருக்கிற எல்லாருடைய பெயரும் தபால்பெட்டியில் இருக்கவேண்டும். பேதுரு ஒட்டியிருந்த தாளை உரித்துவிட்டு நானே எழுதினேன். முதலில் பேதுரு, பிறகு நான், அதற்குக் கீழே மேரிகிறேஸ். தபால்காரன் பேதுருவை மறித்து, மூன்றாவது ஆளைத் தான் ஒருநாளும் காணவில்லையே என்று கேட்டானாம். “மாமா, இல்லாத மாமியின்ர பேரை ஏன் எழுதினனீங்கள்?” என்று பேதுரு என்னிடம் வந்து கேட்டான். இல்லாத ஆள் இல்லையடா, வராத ஆள் என்று சொன்னேன்.

உங்கள் பெப்ரவரிக் கடிதம் கிடைத்தது. வழக்கம்போல இங்கிலிசில் தட்டச்சு அடித்திருந்தீர்கள். செல்வமலர் வாசித்துப் பொருள் சொன்னாள். ஹார்க்வெல் என்ற நம் குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, உலகத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் இருக்கிறது என்று நீங்கள் பச்சை அட்டையில் அச்சடித்த புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வரப்போகிறதாம். டென்மார்க்குக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறீர்களாம். இங்கே அந்தப் பெயரில் எத்தனை பேர் என்று உடனே அறிவிக்கவேண்டுமாம். இங்கிலாந்தின் கிழக்குப் பக்கத்தில் ஓர் ஊற்றடிக் கிராமத்தில் தொடங்கிய பெயர், நூறு வருசத்துக்கு முன் இருநூறு பேரளவில் இருந்தது, இன்றைக்கு அதில் அரைவாசிதான், அழிந்துபோகிற பெயர் ஆனபடியால் ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஒருவரையும் விட்டுவிடக் கூடாது. இந்த வசனத்தைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

இனி நான் கோபப்படப் போகிறேன். இவ்வளவு காலமும் என் கடிதங்களைப் பேதுரு எழுதினான். மருமகனின் கையால் அண்ணனை ஏசுவிக்க முடியாது. இப்போது எனக்குக் கை வந்துவிட்டது.

இங்கிலிசு எழுத்தும் டெனிஸ் எழுத்தும் அநேகமாக ஒன்றுதான். போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, போட்ட வெள்ளைச் சேட்டைக் கழற்றாமலே உங்கள் புத்தகத்தை எடுத்தேன். அச்சில் இருக்கிற என் பெயரை என் கண்ணால் வாசிக்கவேண்டும் என்று ஆசை. இலங்கைப் பக்கத்தில், உங்களுக்குக் கீழே இருந்தேன். அல்பேட். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தது. எழுத்துக் கூட்டினேன், பொருள் பிடிபடவில்லை. செல்வமலர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பார்த்துவிட்டு, “இருங்கோ அப்பு, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்” என்றாள். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்ல எதற்குத் தேத்தண்ணி என்று கேட்டேன். அவளுடைய புருசன் தவராஜா எட்டிப் பார்த்தார். அவர் எப்போதும் பகிடிக்காரர். நம் பெயரை ஊர்ச்சனம் சொல்கிற மாதிரி ஆக்குவேல், ஆக்குவேல் என்று கூப்பிட்டு, “பேரிலை முருகன்ர வேலை வைச்சுக்கொண்டு என்னெண்டு அப்பு வேதக்காரர்?” என்று கேட்கிறவர். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. “மணமாகாதவர் எண்டு போட்டிருக்கு” என்றார். பிறகு மெதுவாக, “பிள்ளைகள் இல்லை எண்டும் போட்டிருக்கு” என்றார்.

பிள்ளைகள் இல்லை என்பது உண்மை. அது கடவுள் போட்ட கணக்கு. மற்றது நீங்கள் போட்ட கணக்கு.

அதே புத்தகத்தில் ஆடு திருடி அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு ஹார்க்வெல் இருக்கிறானாம். அவனுக்கு இரண்டு பெண்சாதிமார். இரண்டு பேருடைய பெயரும் பிறந்த ஊரும் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தியைக் கட்டாமலே வைத்திருந்தானாம், அதையும் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறீர்கள். ஆட்டுக் கள்ளனுக்கு இரண்டு பெண்சாதி. முப்பத்துநாலு வருசத்துக்கு முன் பேசாலைக் கோயிலில் எல்லாரும் பார்க்கத் தாலி கட்டிய எனக்கு ஒன்றும் இல்லை.

தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லாதீர்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏற வந்து, புயலில் கப்பல் நின்றபோது எங்களுடைய வீட்டில்தான் தங்கினீர்கள். மேரிகிறேஸ் தன் பாயை உங்களுக்குத் தந்துவிட்டுச் சாக்கில் படுத்தாள். சுறா வறை நல்லாயிருக்கிறது என்று திருப்பிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். கேட்கும்போதுகூட மச்சாள் என்றோ தங்கச்சி என்றோ சொல்லவில்லை. சோற்றுக் கோப்பையைத்தான் நீட்டினீர்கள். நீங்கள் கப்பல் ஏறிய பிறகு, “உங்கட கொண்ணர் எனக்கு ஒரு முறையும் வைக்கேல்லை, பார்த்தனீங்களே?” என்று அவள் கேட்டாள். அண்ணைக்குக் கதை குறைவு என்று சொல்லிச் சமாளித்தேன்.

நம் வீட்டு வழக்கம் எனக்கும் தெரியும். வீட்டுக்கு வருகிற பெண்ணின் பெயரை மூத்தவர் குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் எழுதினால்தான் அவள் ஹார்க்வெல். அப்பா எழுதவில்லை. அவள் கத்தோலிக்கச்சி, மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். அப்பாவுக்குப் பிறகு வேதாகமம் உங்கள் கையில். நீங்களும் எழுதவில்லை. எழுதாததைப் பார்த்துப் புத்தகம் அடித்தீர்கள்.

இதை வாசித்துவிட்டு, இதற்கா இந்தக் கத்தல் என்று நினைப்பீர்கள். கேளுங்கள். புத்தகம் இரண்டு பிரதி அனுப்பினீர்கள். ஒன்று என் பெட்டிக்குள். மற்றது எங்கே தெரியுமா? மேரிகிறேசைக் கூப்பிட விண்ணப்பம் போட்டபோது பொலிஸ் கந்தோரில் கலியாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். பங்குக் கோயிலில் ஆமி முகாம் போட்டதோடு பதிவுப் புத்தகம் போன இடம் சாமியாருக்கே தெரியாது. அவளுடைய அடையாள அட்டையில் மேரிகிறேஸ் சவிரிமுத்து என்று அவளுடைய தகப்பன் பெயர்தான் இருக்கிறது. புருசனுக்கு இங்கிலிசுப் பெயர், பெண்சாதிக்கு வேறு பெயர், இது எப்படி என்று கேட்டார்கள். எங்களுடைய குடும்பத்துக்கு லண்டனில் அச்சடித்த புத்தகமே இருக்கிறது என்று சொல்லி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நானே ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலைக்குப் போயிருந்த பேதுருவுக்குக்கூடக் காட்டவில்லை. வாசிக்கத் தெரியாதவனுக்கு அச்சடித்ததெல்லாம் அத்தாட்சிதானே.

கொடுத்தது அங்கே கிடந்தது. என்னுடையது மட்டும் இல்லை, நம் ஆட்கள் எல்லாருடையதும் கிடந்தது. எஸ்பியர்க்கில் இருக்கிற யோசேப்பின் பெண்சாதி பிள்ளைகளுடையதும் கிடந்தது. தொடவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லித்தான் வைத்திருந்தார்கள் என்று இப்போது பேப்பர்களில் எழுதுகிறார்களாம். சட்டப்படி வரவேண்டிய சனத்தை மறித்துவிட்டு, எங்களைப் பார்த்துப் பொறுங்கள், பொறுங்கள் என்று சிரித்தார்கள். இவ்வளவு காலமும் நான் அவர்களைத்தான் ஏசிக்கொண்டிருந்தேன். இப்போது பைல்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் ஆட்கள் எல்லாரும் தங்கள் பைலைத் திறக்கவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். என் பைலை மட்டும் திறக்கவேண்டாம் என்று மன்றாடுகிறவன் நான்தான்.

கை நோகிறது. மிச்சம் நாளைக்கு.

6.4.1989

நாளைக்கு என்று எழுதிவிட்டு இத்தனை நாள் போய்விட்டது. முந்தநாள் பொலிஸ் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. நானே திறந்தேன். என் பெயரையும் திகதியையும் நானே வாசித்தேன். வாசித்த சந்தோசம் ஒரு நிமிசம்தான் இருந்தது. இந்த மாதம் இருபத்தேழாம் திகதி மொழிபெயர்ப்பாளரோடு என்னை விசாரிப்பார்களாம். என் அண்ணன் அச்சடித்த புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, உனக்குக் கலியாணமே ஆகவில்லையே என்று கேட்பார்கள். கொடுத்தவனும் நான்தான்.

அவர்கள் இல்லை என்று சொன்னால் நான் தாங்குவேன். ஆனால் அந்த மறுமொழி அவளுக்கும் போகும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பேசாலையில் தன் தங்கச்சி வீட்டு விறாந்தையில் இருக்கிறாள், நடை குறைந்துவிட்டது. கடிதம் வந்தால் கன்னியாஸ்திரி ஒருவர் சத்தமாக வாசிப்பார், அயலும் கூடி நின்று கேட்கும். அல்பேட் அங்கே ஒரு வெள்ளைக்காரியைப் பிடித்துவிட்டான், அதுதான் கிழவியைக் கூப்பிடவில்லை என்று ஏற்கெனவே கதைக்கிறார்களாம். அந்தச் சனத்துக்கு நடுவில், அல்பேட் ஹார்க்வெல் என்பவருக்கு மனைவி இல்லை என்று அவள் கேட்கவேண்டுமா? சொன்னது யார் என்று கேட்டால், அவருடைய சொந்த அண்ணன் என்று பதில் வரும். சாக்கில் படுத்தது அவளுக்கு அப்போது ஞாபகம் வரும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் பெயரின் தோற்றம் என்று நீங்கள் எழுதிய பக்கத்தைத் தவராஜாவைக் கொண்டு முழுவதும் வாசிப்பித்தேன். இங்கிலாந்தின் ஹார்க்வெல் துரை யாழ்ப்பாணத்தைக் கண்ணாலும் கண்டதில்லையாம். மெழுகுதிரிக் கடைக்காரனாம். கொள்ளை நோயில் தாய் தகப்பன் செத்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு மிசன் பள்ளிக்கூடத்தில் சோறு போட அவன் உதவி அனுப்பினான், அதற்காகப் பாதிரிமார் பிள்ளைக்கு அவன் பெயரை வைத்தார்கள். அந்தப் பிள்ளை நம் பூட்டன். அப்படியென்றால் நமக்கும் அந்த ஊற்றடிக் கிராமத்துக்கும் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. சோறு போட்டவனின் பெயரைத்தான் நாலு தலைமுறையாக நாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறோம். சோறு போட்டவருடைய பெயர்தான் வரவேண்டும் என்றால், அண்ணை, எனக்கு வரவேண்டியது மேரிகிறேசின் பெயர். கடல் சும்மா அனுப்பிய நாட்களிலும் அவள் எங்கேயாவது அலைந்து எனக்குச் சோற்று உலை வைத்தவள்.

இங்கே ஆட்களின் பெயர்ப் பதிவு தேவாலயக் கந்தோரில் இருக்கிறது. நேற்றுப் போய் விசாரித்தேன். குடும்பப் பெயரை மாற்ற வழி இருக்கிறது என்று அங்கே இருக்கிற அம்மா சொன்னாள். எழுதி நிரப்ப ஒரு தாளும் தந்தாள். பேதுருதான், “மாமா, கோபத்திலை ஒண்டும் செய்யாதேங்கோ, லண்டனுக்கு முதல்ல எழுதுங்கோ” என்றான். அதனால் எழுதுகிறேன். தாள் மேசையில் இருக்கிறது. பென்சிலும் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு வழக்கறிஞருக்கு முன்னால் இருந்து, என் தம்பி அல்பேட்டின் மனைவி மேரிகிறேஸ், அவள் வீட்டில் நான் முன்பு தங்கியிருக்கிறேன், என் புத்தகம் பிழை என்று இங்கிலிசில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, இருபத்தேழுக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள். பிழை என்று எழுத உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும். எனக்கு ள எழுதக் கஷ்டமாயிருந்தது, எழுதிவிட்டேன். பிறகு வேதாகமத்தை எடுத்து, என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயரையும் எழுதுங்கள். பேசாலைக்கும் ஒரு வரி போடுங்கள். தமிழில் போடுங்கள். என்ன எழுதினாலும் பரவாயில்லை, தொடக்கத்தில் தங்கச்சி என்று இருக்கட்டும். கன்னியாஸ்திரி அதையும் சத்தமாகத்தான் வாசிப்பார்.

இவ்வளவு ஏசியும் மனம் ஆறவில்லை. ஆனாலும் நீங்கள் என் அண்ணன். மச்சாள் உங்களுக்குத் தேத்தண்ணி வைத்துத் தருகிற சத்தம் கடைசி நாள்வரை உங்கள் காதில் கேட்கட்டும். ஒருவரை ஒருவர் காணாத நாளைக் கர்த்தர் உங்கள் இரண்டு பேருக்கும் தராதிருப்பாராக.

நீங்கள் கேட்ட கணக்கை இன்னும் சொல்லவில்லை. டென்மார்க்கில் ஹார்க்வெல் இரண்டு என்று போடுங்கள். அதற்கு மனம் வராவிட்டால் சைபர் போடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்று என்று மட்டும் போடவேண்டாம், அண்ணை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
அல்பேட்