அவள் பூமிக்குத் திரும்பினாளா

ராஜபாளையம்
ஜூலை, 1991

என் அன்புத் தோழிக்கு,

சொல்ல மாட்டேன். நம் நாவலின் நாயகி பூமிக்குத் திரும்பினாளா, அந்தக் கிரகத்திலேயே தங்கிவிட்டாளா என்பதை நீயேதான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நால்வரும் முடிக்கும்வரை யாரும் முடிவைப் பேசக் கூடாது என்று நம் வாசகர் வட்டத்துக்குச் சட்டம் போட்டவளே நீதான். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

நாங்கள் மூவரும் இன்னமும் ஞாயிறு மாலை மொட்டைமாடியில் கூடுகிறோம். கதையைப் பேச முடியாததால் மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைகிறோம். போன வாரம் வெள்ளைத்தாய்க்குப் பொறுமை போய்விட்டது.

"ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர்ல அவ புத்தகம் எடுத்தாலே மாமியா மூஞ்சி கோணுதாம். நாம எம்புட்டு நாளைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கது?"

"ஒன் பேண்டேஜ் கம்பெனில இருந்து மூணு உருளை கொண்டா. வாயில சுத்திக்கிடுவோம்," என்றாள் நசீமா.

சிரித்தோம். வட்டத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டு வேறொருத்தியைச் சேர்க்கச் சொல்லி நீ எழுதியதை அவர்களிடம் நான் சொல்லவில்லை. அந்தக் கிரகத்தின் இரண்டு நிலாக்களில் ஒன்று நிலாவே இல்லை என்று எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தவள் நீ. அப்படி ஒருத்தியை நான் எங்கே தேடுவேன்?

முழுப் புத்தகம் வந்தால் உன் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். அதனால் இன்று காலை கடைசி அத்தியாயத்தை மட்டும் பிளேடால் வெட்டியெடுத்தேன். இந்தக் கடிதத்தோடு மடித்து உறையிலிட்டு, கூடுதலாக ஒரு தபால்தலை ஒட்டப்போகிறேன்.

மூவரில் ஒருத்தி